நீந்தத் தெரிந்தவள்

பிப்ரவரி 4

தம்பிக்கு,

நட்டாற்றில் விட்டுவிட்டான் என்று யாராவது யாரைப் பற்றியாவது சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதை விடப்பட்ட ஆளுக்கே எழுத்தில் அனுப்பித் தெரிவித்தவன் எனக்குத் தெரிந்து நீ ஒருவன்தான்.

முந்தாநாள் சாயங்காலம் சின்னப் பிள்ளைகள் நீச்சல் வகுப்பு. மிதவைப் பலகையைப் பிடித்துக்கொண்டு காலை உதைக்கப் பழகுகிறவர்கள். குளத்தின் ஓரத்தில் துண்டின்மேல் வைத்திருந்த போன் அடித்தது. ஒரு செய்தி. “தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. ஓடம் தாங்கவில்லை. முதலில் இறக்கிவிடப்பட்டவர் நீங்கள். இனி இந்த எண்ணிலிருந்து உங்களுக்கு அழைப்பு வராது. உங்கள் அழைப்பும் அங்கே போகாது.” கீழே உன் நம்பர்.

எவனோ ஏமாற்றுக்காரன் என்று நினைத்து உன்னைக் கூப்பிட்டேன். தொடர்பில் இல்லை என்று அந்தப் பெண் குரல் சொன்னது. சாப்பிட்டபின் கூப்பிட்டேன், காலையில் எழுந்ததும் கூப்பிட்டேன், அதே குரல். உனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடைசியில் எங்கள் பம்ப் ரூம்காரர்தான் தன் மகளைக் கேட்டு விஷயத்தைக் கண்டுபிடித்தார். அந்தப் பெண் ஒரு வீடியோவைக் காட்டியது. ஒரு மண்டபம், சுவர் அகலத்துக்குத் திரை, முன்னால் நீ. நான் எடுத்துக்கொடுத்த நீலச் சட்டை. திரையில் ஓர் ஓடம், அதில் சின்னச் சின்ன ஆட்கள், ஒருத்தியின் தலைமேல் ‘அக்கா’ என்று எழுதியிருக்கிறது. நீ அவளைத் தொடுகிறாய். அவள் தண்ணீரில் விழுகிறாள். ‘களக்’ என்று ஒரு சத்தம் வேறு வைத்திருக்கிறாய். ஜனங்கள் கை தட்டுகிறார்கள்.

நான் பம்ப் ரூம்காரர் முகத்தைப் பார்க்கவில்லை. அவரும் வால்வைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போய்விட்டார்.

எனக்கு ஒன்று தெரிய வேண்டும். ஓடத்தில் என் பக்கத்தில் ‘பல் டாக்டர்’ உட்கார்ந்திருந்தார். எதிரில் ‘குழாய் ரிப்பேர்’. அவர்களையெல்லாம் விட்டுவிட்டு முதலில் என்னை ஏன்டா இறக்கினாய்?

இதையெல்லாம் நேரில் கேட்டிருப்பேன், வாய்க்கு வந்தபடி திட்டியும் இருப்பேன். வழியை அடைத்துவிட்டாய், அடுத்தவர் போனை வாங்கிப் பேச எனக்கு மனமில்லை, அதனால் தபால்காரரைப் பிடித்திருக்கிறேன். இன்னொன்றும் உண்டு. போன வாரத்திலிருந்தே உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்று இருக்கிறேன். அதை என் வாயால்தான் சொல்ல வேண்டும், எழுதுகிற விஷயம் இல்லை. சீக்கிரம் கூப்பிடு. நாளைத் தள்ளாதே.

அக்கா


பிப்ரவரி 11

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து நாலு நாளாகிறது. ஒவ்வொரு நாளும் எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன். கோபப்படாமல் கடைசிவரை படி.

அந்த விளையாட்டின் பெயர் ஓடம். ஒன்றரை வருஷமாக நாங்கள் மூன்று பேர் சேர்ந்து செய்தது. படம் வரைகிறவளை நாங்கள் கூப்பிடுவது ‘கண்ணாடி’ என்று, சத்தம் சேர்க்கிறவன் ‘தாடி’, மற்றதெல்லாம் நான். வழக்கமான விளையாட்டில் செத்தால் மறுபடி எழுந்துகொள்ளலாம். தோற்றால் முதலிலிருந்து ஆடலாம். அதனால் எதற்கும் வலிக்காது. வலிக்கிற விளையாட்டு ஒன்று செய்ய வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை. ஓடத்தை உன் போனில் ஏற்றினால் உன் போனில் இருக்கிற நம்பர்கள் எல்லாம் ஆட்களாக வந்து அதில் உட்காருவார்கள். ஆறு பெருகும். ஓடம் தாழும். யாரையாவது தொட்டால் அவர் இறங்கிவிடுவார், ஓடம் கொஞ்சம் எழும்பும். இறங்கியவரின் நம்பர் உன் போனிலிருந்து நிஜமாகவே போய்விடும், இரண்டு பக்கமும் பூட்டு விழும், அவருக்குத் தகவலும் போகும். கரை சேர்ந்தபிறகும் அது அப்படியேதான் இருக்கும்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. எதைச் செய்தாலும் செய்தவனே முதலில், எல்லார் முன்னாலும், தன் சொந்தப் போனில் ஆட வேண்டும். போலி நம்பர்கள் கூடாது, ஒத்திகை கூடாது. ஜனங்கள் வந்து ஆடிப் பார்க்க இங்கே ஒரு மண்டபம் எடுத்திருக்கிறோம், அதில் இந்தத் தடவை என் முறை.

ஏன் நீ என்று கேட்டாய். பல் டாக்டரைத்தான் முதலில் இறக்குவது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். ஆனால் எடைக்கு நாங்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். யாரிடம் அதிகம் பேசியிருக்கிறோமோ அவர்தான் அதிக எடை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நாம் பேசுகிறோமே, அதனால் ஓடத்தின் பாதி எடை நீதான். தண்ணீர் விளிம்புக்கு வந்தது. டாக்டரை இறக்கினால் ஒரு விரல்கூட எழும்பாது. மண்டபமே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறது. கை தானாக உன்னிடம் போனது. அக்காவுக்கு நீந்தத் தெரியும், அவளுக்கு ஒன்றும் ஆகாது என்றுதான் அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது. சத்தியமாக அப்படித்தான் தோன்றியது. பல் டாக்டருக்கு நீந்தத் தெரியுமா என்று எனக்கு எப்படித் தெரியும்?

பூட்டு திறக்க ஒரே ஒரு வழி வைத்திருக்கிறோம். இறக்கிவிடப்பட்டவர் தானும் ஓடத்தை ஆடிக் கரை சேர வேண்டும். கரையில் ஒரு கயிறு கிடக்கும். மனமிருந்தால் அதை அவர் தன்னை இறக்கிவிட்டவரை நோக்கி வீசலாம். வீசினால் பழையபடி பேசலாம்.

என்னை மன்னித்துவிடு என்று எழுதினால் நீ சிரிப்பாய். இருந்தாலும் எழுதுகிறேன்.

தம்பி


பிப்ரவரி 17

தம்பிக்கு,

நீ குண்டு என்று சொல்வதற்கு மூன்று பக்கமா எழுதுவாய்?

பம்ப் ரூம்காரருக்கு வாசித்துக் காட்டினேன். அவர், “அப்ப என்கிட்ட பேசவே பேசாதவங்கதான் எனக்குக் கடைசிவரைக்கும் மிஞ்சுவாங்களா?” என்று கேட்டார். நான், ஆமாம், உங்கள் வீட்டு ஓனர் உங்களோடு கரை சேருவார் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

நீந்தத் தெரியும் என்றாய். சரி, நீந்தத் தெரியும். உனக்கும் நான்தான் கற்றுக்கொடுத்தேன். ஆனால் ஒன்று சொல்கிறேன் கேள். தெரியாதவன் விழுந்தால் கத்துவான், கையை ஆட்டுவான், ஊரே ஓடி வரும். தெரிந்தவன் தசை பிடித்து நின்றால் சத்தமே இருக்காது. அவனுக்கென்ன, நீந்துகிறான் என்று எல்லாரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எங்கள் குளத்தில் நான் தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போட்டவர்களில் அப்படிப்பட்டவர்களே அதிகம்.

என்னைத் தள்ளிவிட்டது நீ. ஏறி வரவேண்டியது மட்டும் நானா? கயிறு வீசவேண்டியதும் நானா? உன் நியாயம் எனக்குப் புரியவில்லை. அந்தப் பூட்டை எழுதியது உன் கை என்கிறாய். எழுதின கையாலேயே திற. நான் உன்னிடம் இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்லை, நன்றாக யோசித்துப் பார். இதைக் கேட்கிறேன். காரணம் இருக்கிறது.

போன வாரம் ஒரு தடவை போன் ஒரே ஒரு மணி அடித்து நின்றுவிட்டது. தெரியாத நம்பர். நீயா?

இங்கே வேறு விசேஷம் இல்லை. தொண்டை சரியில்லை. மழைக்காலத்திலிருந்தே கரகரவென்று இருக்கிறது. இந்தக் கரையிலிருந்து கூப்பிட்டால் அந்தக் கரையில் நீந்துகிற பிள்ளை திரும்பும், அப்படிப்பட்ட குரல் என்று உனக்கே தெரியும். இப்போது நடுக்குளம்வரைகூடப் போவதில்லை. விசில் வாங்கி மாட்டிக்கொண்டேன். பிள்ளைகள் எனக்கு ‘விசிலக்கா’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். டாக்டரிடம் போய்க்கொண்டிருக்கிறேன். நீ கூப்பிடு, மற்றதைச் சொல்கிறேன்.

அக்கா


பிப்ரவரி 23

அக்காவுக்கு,

அந்த ஒரு மணி நான்தான். ஆபீஸ் போனிலிருந்து அடித்தேன். நீ எடுப்பதற்குள் வைத்துவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

மண்டபத்துக்கு ஒரு தையற்காரர் தினமும் வருகிறார். அறுபது வயது இருக்கும். விளையாட்டுதானே என்று ஆடியவர். ஆறு பெருகின பதற்றத்தில் தன் மகனை இறக்கிவிட்டார். மகன் ஏற்கெனவே மனஸ்தாபத்தில் இருந்தவனாம், தகவல் போனதும் அவன் நம்பரையே மாற்றிவிட்டான் என்று நினைக்கிறார். பூட்டுதான் காரணம், அவன் மாற்றவில்லை என்று எவ்வளவு சொன்னாலும் அவருக்கு விளங்கவில்லை. அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடியே வந்து, “தம்பி, அந்த ஒண்ண மட்டும் திறந்து விடுப்பா” என்கிறார். நான் முடியாது என்கிறேன். ஆடுவதற்கு முன்னால் தெளிவாகப் படித்துக் கையெழுத்துப் போட்டீர்களே என்கிறேன். தலையை ஆட்டிவிட்டுப் போகிறார், மறுநாள் வருகிறார்.

அவருக்கு இல்லை என்று சொல்லிவிட்டு என் அக்காவுக்கு மட்டும் திறந்தால் நான் யார்? கண்ணாடியிடம் பேசினேன். “உனக்கு மட்டும் பின்வாசலா?” என்று கேட்டாள். ஆபீஸ் போனில் பேசுவதும் பின்வாசல்தான். அதனால்தான் வைத்துவிட்டேன். இதைப் படித்து நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். என்னையே எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் நாங்கள் சொன்னது எல்லாருக்கும் பொது என்றால் அது எனக்கும்தான்.

ஒரே ஒரு தடவை ஆடேன். பத்து நிமிஷம்கூட ஆகாது. எப்படிப் போனில் ஏற்றுவது என்று இந்தத் தாளின் பின்பக்கம் ஒவ்வொன்றாக எழுதியிருக்கிறேன், பம்ப் ரூம்காரரின் மகள் உதவி செய்வாள். உனக்கு யாரை இறக்குவது என்பதில் கஷ்டமே இருக்காது. ஐந்து வருஷமாகச் சந்தா பாக்கி வைத்திருக்கிற பெற்றோர் எத்தனை பேர் இருப்பார்கள். கரைக்கு வந்து கயிற்றை வீசு. அன்றைக்கே கூப்பிடுகிறேன், எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் திட்டு.

வாயால்தான் சொல்வேன் என்கிற விஷயத்தை அதுவரை வைத்துக்கொள். தொண்டைக்கு வெந்நீர் குடி. குளிர்ந்த தண்ணீரில் நாள் முழுக்க நின்றால் கட்டாமல் என்ன செய்யும்?

தம்பி


மார்ச் 2

தம்பிக்கு,

வெந்நீர் குடித்தேன்.

உன் ஓடத்தையும் ஆடினேன். நேற்று. குளத்தைக் கழுவ மூடியிருக்கிறார்கள், அதனால் வீட்டில்தான் இருந்தேன். பம்ப் ரூம்காரரின் மகள் போனில் ஏற்றிக்கொடுத்துவிட்டுப் பரீட்சைக்குப் படிக்கப் போய்விட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்து நான் மட்டும் ஆடினேன்.

நன்றாகச் செய்திருக்கிறாய், அதைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஆறு நிஜ ஆறு மாதிரி இருக்கிறது, தண்ணீர் ஏறுகிறபோது காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டேன். என் ஓடத்தில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகளின் அம்மா அப்பாக்கள், குளோரின் கொண்டு வருகிறவர், பழைய மாணவர்கள், கல்யாணமாகிப் போனவர்கள். சந்தா பாக்கிக்காரர்களும் இருந்தார்கள். நீ பின்பக்கம் உட்கார்ந்திருந்தாய். நீதான் பெரிய எடை. உன் பக்கம் ஓடம் சாய்ந்தே இருந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். யாரைத் தொடுவது? தொடுகிற ஆளுக்குத் தகவல் போகும் என்று எனக்குத் தெரியும். குளத்தங்கரையில் ஈரக்கையோடு அதை வாசிப்பது எப்படி இருக்கும் என்றும் தெரியும். பாக்கிக்காரராக இருந்தால் என்ன, அதை ஒருத்தருக்கு நான் அனுப்ப மாட்டேன்.

துடுப்பு போடுகிற இடத்தில் முகமில்லாமல் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தது. அது நான்தானே? பிள்ளைகளோடு பரிசலில் போகிறபோது தண்ணீர் ஏறினால் யார் முதலில் குதிக்க வேண்டும் என்று எங்களுக்கெல்லாம் முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். நான் அதைத் தொட்டேன்.

‘களக்.’ ஓடம் எழும்பியது. நீங்கள் எல்லாரும் போய்க்கொண்டே இருந்தீர்கள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கயிறு வரும் என்று காத்திருந்தேன். திரை கறுத்தது. போன் அதோடு சரி. யாரையும் கூப்பிட முடியவில்லை, யாரும் என்னைக் கூப்பிடவும் முடியவில்லை. கல் மாதிரி கிடக்கிறது. கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒரே கூட்டம். “ஓடக்காரர் தானே இறங்கிவிட்டார். ஓடம் இனி உங்களுடையது” என்று எல்லாருக்கும் செய்தி போயிருக்கிறது. நான் என்னவோ செய்துகொண்டேன் என்று பயந்து ஓடி வந்திருக்கிறார்கள். பம்ப் ரூம்காரர் லாரி டியூப் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. சந்தா பாக்கிக்காரர் ஒருத்தர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

இனி வாயால் சொல்ல வழி இல்லை என்று ஆகிவிட்டது, எழுதுகிறேன். இந்த மாதம் ஒன்பதாம் தேதி எனக்கு ஆபரேஷன். தொண்டையில் புற்று. குரல்வளையையே எடுத்துவிட வேண்டும், வேறு வழி இல்லை என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். உயிருக்குப் பயமில்லை, நம்பிக்கையாக இருங்கள் என்கிறார். பிறகு பழகினால் ஏதோ ஒரு மாதிரி பேசலாமாம். ஆனால் அது இந்தக் குரல் இல்லை.

உன்னை முதலில் கூப்பிட்டதற்கு முந்தின வாரம்தான் தேதி கொடுத்திருந்தார்கள். அந்த ஒரு மாதமும் தினம் உன்னோடு பேசிவிட வேண்டும் என்று நினைத்தேன். பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. சும்மா பேசவேண்டும். நீ கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். உன்னைத் தூங்க வைத்தது, தண்ணீரில் இறக்கியது, எல்லாம் இந்தக் குரல்தானே, அது போவதற்கு முன்னால் உன்னிடம் சொல்லிக்கொண்டு போகட்டும் என்று ஓர் ஆசை.

வராதே என்று நான் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. உனக்கு அங்கே மண்டபம் இருக்கிறது.

அக்கா


மார்ச் 6

அக்காவுக்கு,

பஸ் நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். இதை விரைவுத் தபாலில் போட்டுவிட்டு ஏறப் போகிறேன். எனக்கு முன்னால் இது வந்து சேரட்டும்.

ஒன்றாம் தேதி அந்தச் செய்தி எனக்கும் வந்தது. ஆபீஸ் போன், தாடியின் போன், டீக்கடைக்காரர் போன் என்று கையில் கிடைத்த எல்லாவற்றிலும் உன்னைக் கூப்பிட்டேன். எதுவும் போகவில்லை. குளத்து ஆபீசில் யாரும் எடுக்கவில்லை. போகாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தே அடித்துக்கொண்டிருந்தேன்.

ஏன் தெரியும் என்றால் அதையும் நான்தான் எழுதினேன். தானே இறங்குகிறவருக்கு என்ன நடக்க வேண்டும் என்று ஒரு நாள் பேச்சு வந்தது. கண்ணாடி, அவருக்குக் கரை கொடுத்துவிடலாம் என்றாள். நான்தான் கூடாது என்றேன். போன் ஒரு மாதம் முழுக்க அடைந்து கிடக்கட்டும், உள்ளே யாரும் வர முடியாது, வெளியே யாரும் போக முடியாது, அப்படியிருந்தால்தான் அது நிஜமான தியாகம் என்று பெரிதாகப் பேசினேன். அக்கா, அதை யாரும் தொடவே மாட்டார்கள் என்று எனக்கு நிச்சயம். எத்தனையோ பேர் ஆடியிருக்கிறார்கள், ஒருத்தர்கூடத் துடுப்புக்காரரைத் தொடவில்லை. நான் தொடுவேன் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. தொடுகிற ஒரே ஆளை எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். அவளை நினைத்துப் பார்க்காமல் அதை எழுதினேன்.

நேற்று உன் கடிதம் வந்தது. வெந்நீர் குடி என்று எழுதின என் கையை என்ன செய்வது என்று தெரியவில்லை.

நேராக மண்டபத்துக்குப் போய்ப் பூட்டை உடைத்தேன். முதலில் தையற்காரரின் மகனுடையதைத் திறந்தேன். பிறகு மற்ற எல்லாருடையதையும். உன்னுடையதைக் கடைசியில் திறந்தேன், ஆனால் அது என் பக்கத்துக் கதவு மட்டும்தான். உன் போனை அது கையில் இருந்தால்தான் திறக்க முடியும். கண்ணாடி பார்த்துக்கொண்டே நின்றாள். நான் பின்வாசல் அது இது என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவள், “பேசாம போய் பஸ் ஏறு” என்றாள். தையற்காரர் அங்கேயே தரையில் உட்கார்ந்து மகனுக்குப் போன் போட்டார். அவன் எடுத்தான். அவர் நாடாவைக் கையில் சுற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

நீ எந்த ஆஸ்பத்திரி என்று எழுதவில்லை. மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் சுற்றிப் போகிறது, எட்டாம் தேதிக்குள் வந்துவிடும் என்கிறார்கள். நேராக வீட்டுக்கு வருகிறேன். கடைசி நாளாவது உன் பேச்சைக் கேட்க வேண்டும். பேசாமல் சேர்த்து வைத்துக்கொள். எனக்காகக் கொஞ்சம் மிச்சம் வை.

தம்பி


மார்ச் 12

தம்பிக்கு,

நர்ஸ் ஓர் அட்டையும் பேனாவும் கொடுத்திருக்கிறாள். இன்னும் இரண்டு நாளைக்கு உன்னை உள்ளே விட மாட்டார்களாம். நீ வெளியே பெஞ்சிலேயே கிடக்கிறாய், போகச் சொன்னாலும் போகவில்லை என்று சொன்னாள். இதை அவளிடம் கொடுத்தனுப்புகிறேன்.

வலி இருக்கிறது, தாங்குகிற வலிதான். கழுத்தில் ஓட்டை போட்டிருக்கிறார்கள், அது வழியாக மூச்சு போகிறது. இருமினால் சத்தம் வருவதில்லை. அதுதான் விசித்திரமாக இருக்கிறது. ஆபரேஷனுக்கு மறுநாள் காலையில் கண் விழித்து, தண்ணீர் கேட்க வாயைத் திறந்தேன். வாய் அசைந்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாள் திரும்பவே இல்லை. அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கி அழுகை வந்தது. அழுகைக்கும் சத்தம் இல்லை.

எட்டாம் தேதி முழுக்க உனக்காக வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். என்னவெல்லாம் சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். நீ ஓடத்தில் இறக்கியதைப் பற்றி ஒன்றும் இல்லை, அது போகட்டும். வேறு விஷயங்கள். நீ பிறந்த அன்றைக்கு என்ன மழை என்பது. முதன்முதலில் என் கையை விட்டுவிட்டு நீ நீந்தியபோது நான் பெருமைப்படாத மாதிரி நடித்தது. பஸ் வரவில்லை. ராத்திரியும் வரவில்லை. விடிந்து தள்ளுவண்டியில் படுக்க வைத்தார்கள், நான் எதுவும் பேசவில்லை, இனி யாரிடம் பேச என்று விட்டுவிட்டேன்.

தியேட்டர் வாசலில் திருப்புகிறார்கள். தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் நீ ஓடி வருகிறாய். உன்னை அழைத்து வர வீட்டில் நிறுத்திவைத்திருந்த பம்ப் ரூம்காரர் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறார். உன் கால் முழுக்கச் சேறு. அப்போதுதான் துடைத்த தரை, பளபளவென்று ஈரமாக இருக்கிறது.

நான் வரிசைப்படுத்தி வைத்திருந்ததெல்லாம் எங்கே போயிற்றோ. “டேய், செருப்பக் கழட்டு” என்றேன்.

அவ்வளவுதான். கதவைச் சாத்திவிட்டார்கள். முகமூடியை வைத்தார்கள். அதுதான் நான் பேசின கடைசிப் பேச்சு. குளத்தங்கரையில் ஆயுசு முழுக்க ஏறிவருகிற ஒவ்வொருத்தரிடமும் கத்தினதையே உன்னிடமும் கத்திவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன். நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். உனக்கு அது கேட்டதா? எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. வெறும் காற்றுதான் வந்ததோ என்று சந்தேகமாக இருக்கிறது. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டாயா, குரல் கேட்டதா? உள்ளதைச் சொல். சும்மா என்னைத் தேற்றுவதற்காக எழுதாதே.

என் போனைத் திறந்துவிட்டேன் என்று நர்ஸிடம் சொல்லியனுப்பினாயாம். வைத்துக்கொள். இனி அதை வைத்து நான் என்ன பேசப்போகிறேன்.

அக்கா


மார்ச் 12, சாயங்காலம்

அக்காவுக்கு,

கேட்டது.

தேற்றுவதற்காக எழுதவில்லை. கரகரவென்றுதான் வந்தது, முதல் சொல் பாதி உடைந்துபோனது. ஆனால் இந்தக் கோடிவரை வந்தது. நான் ஓடிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டேன், எட்டு வயதில் நிற்கிற மாதிரி. நின்று கழட்டினேன். பம்ப் ரூம்காரரும் கழட்டினார். உன்னை யாரென்றே தெரியாத இரண்டு பேர் பழக்கூடையோடு வந்துகொண்டிருந்தார்கள், அவர்களும் கழட்டினார்கள். ஸ்டெதஸ்கோப் மாட்டிய ஒரு டாக்டர் குனிந்து ஷூ லேஸை அவிழ்க்கப் போய், பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். நம்பாவிட்டால் பம்ப் ரூம்காரரைக் கேள். பெஞ்சில்தான் தூங்கிக்கொண்டிருக்கிறார்.

நான் பிறந்த அன்றைக்கு என்ன மழை என்பதையெல்லாம் எழுது. பக்கம் பக்கமாக எழுது. நான் எங்கும் போகவில்லை. மண்டபத்தைக் கண்ணாடி பார்த்துக்கொள்கிறாள்.

நர்ஸ் இப்போது என் காலைப் பார்த்துவிட்டு, தரை சில்லென்று இருக்கிறதே, செருப்பு எங்கே என்று கேட்டாள். அங்கேயே சுவரோரம்தான் இருக்கிறது, நீ சொன்ன இடத்தில். மூன்று நாளாக நான் எடுக்கவில்லை. போட்டுக்கொள் என்று நீ இன்னும் சொல்லவில்லை.

தம்பி